பரம்பரையும் பிரஜா உரிமையும்

பவானி கூடுதுறையிலிருந்து புறப்பட்டு அந்தியூர்ப் பக்கமோ கோபிப் பக்கமோ எந்தக் கிராமத்துக்குப் போனாலும், விவாகப் பேச்சு நடக்கிற வீட்டில் ஒரு கேள்வி எழாமல் இராது. ஜாதகம் பார்த்தாயிற்று, கூட்டம் விசாரித்தாயிற்று, நிலம், கிணறு, கறவை எல்லாம் விசாரித்தாயிற்று. கடைசியில் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் குடும்பத்துல யாருக்காச்சும் மூளைக் கோளாறு இருந்துதுங்களா?" என்று கேட்பார். இருந்தது என்று பதில் வந்தால் பேச்சு அத்துடன் முறிந்தது. ஆகையால் அந்தப் பதிலை யாரும் சொல்லுவதில்லை. சொல்லாமலிருப்பதற்காக நோயாளியை வைத்தியரிடம் அழைத்துப் போவதுமில்லை. அண்ணனுடைய நோய் வெளியே தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற ஒரே பயத்தினால், சிகிச்சை செய்தால் தேறக்கூடிய வாலிபர்கள் வீட்டின் பின்கட்டில் வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

மரபணு என்ற சொல் நம் ஜனங்களின் காதில் விழுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, பரம்பரையைக் காட்டி மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இப்பொழுது அதே கேள்வியை விஞ்ஞானிகள் ஆராய்ச்சிசாலைகளில் கேட்கிறார்கள். மனநோய்க்குப் பிறப்பில் மூலம் உண்டா? ஒரு பாலார் அதே பாலாரிடம் காதல் கொள்ளுவதற்கு மூலம் உண்டா? ஆண் என்றும் பெண் என்றும் ஒருவர் தம்மை உணருவதற்கு மூலம் உண்டா? இவற்றுள் முதலாவது நோயைப் பற்றிய கேள்வி. மற்ற இரண்டும் நோயைப் பற்றியவையல்ல. ஒரு பாலாரின் காதலை உலக சுகாதார ஸ்தாபனம் 1990-ம் வருஷத்திலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் மூன்று கேள்விகளுக்கும் நம் ஜனங்கள் காட்டும் முகம் ஒன்றாகவே இருப்பதால், மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தில் படித்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். இந்த ஆராய்ச்சியே ஆபத்து, அதை நிறுத்த வேண்டும் என்பது ஒரு கட்சி. ஆராய்ச்சி முடியட்டும், பிறவியிலேயே வந்தது என்று ருசுவானால் அப்பொழுது இவர்களுக்கு இரக்கம் காட்டலாம் என்பது மற்றொரு கட்சி. இரண்டும் தவறு என்பது நமது அபிப்பிராயம். ஆராய்ச்சி நடக்க வேண்டும். ஆனால் மனிதனுடைய உரிமை அதன் முடிவுக்காக வாசலில் காத்து நிற்கக் கூடாது.

முதலில் ஆராய்ச்சி உண்மையில் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். மனச்சிதைவு நோயைப் பற்றி 2022-ம் வருஷத்தில் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில் 76,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்கள் சோதிக்கப்பட்டன. நோயுடன் சம்பந்தமுள்ள இடங்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, 287 காணப்பட்டன. ஒவ்வொன்றின் பலமும் மிக அற்பம். பரம்பரைக்கு இந்நோயில் பெரும் பங்கு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பங்கு வேறு, விதி வேறு. பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் இந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு வரலாம். அதாவது 90 பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. சுமார் பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள். மேலும், இந்நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் தாய் தந்தையருக்கு இந்நோய் இருந்ததேயில்லை. அப்படியிருக்க, கலியாண வீட்டில் கேட்கப்படும் அந்த ஒரு கேள்வி எதைத் தடுத்துவிடப் போகிறது?

பவானி ஜமக்காளம் நெய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பாவு மட்டும் ஜமக்காளமாகாது. அதன் குறுக்கே ஓடும் ஊடை சேர்ந்தால்தான் துணி. பிறப்பில் வருவது பாவு. கர்ப்பத்தில் தாய் உண்டதும், குழந்தை பட்ட அடியும், கடனும், போதைப் பழக்கமும், அன்பும், அன்பின்மையும் ஊடை. பாவை மட்டும் பார்த்துவிட்டுத் துணிக்கு விலை சொல்லுகிறவன் வியாபாரியல்லன்.

நோய் வந்துவிட்டாலும் அத்துடன் வாழ்வு முடிந்ததென்று நினைப்பது பேதைமை. சென்னையில் 1981-ம் வருஷம் முதற்கொண்டு, புதிதாக மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பத்து வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் நோய்க்குறி நீங்கியோ தணிந்தோ நல்ல நிலையில் இருந்தார்கள். கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமையை வகித்தவரும், பின்னர் 1984-ம் வருஷத்தில் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்றே சென்னையில் ஒரு ஸ்தாபனத்தை நிறுவியவருமான டாக்டர் சாரதா மேனன் தம் ஆயுள் முழுவதும் சொல்லி வந்தது இதைத்தான். நம் ஊர்க் காவேரித் தண்ணீர் ஓடிப்போகும் வழியில், முசிறிக்கு அருகே குணசீலம் இருக்கிறது. மனநோயாளிகளை அங்கே அழைத்துச் சென்று, பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம் தங்குகிற வழக்கம் உண்டு. அதை நாம் நிந்திக்க மாட்டோம். அவ்விடத்திலேயே மனநல வைத்தியத்துக்கும் ஏற்பாடு இருப்பது மெச்சத்தக்கது. நம்பிக்கைக்கும் மருந்துக்கும் விரோதமில்லை. ஆனால் சங்கிலிக்கும் மருந்துக்கும் விரோதம் உண்டு. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், கட்டிப் போடப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறக்கலாகாது.

வக்கீல் தொழில் செய்பவர்கள் இவ்விஷயத்தின் மற்றொரு பக்கத்தையும் காண்கிறார்கள். 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின்படி, ஒருவகை மனக்கோளாறு இருந்தால் விவாகத்தை ரத்து செய்யும்படி மனுப் போடலாம். அதனால் மணத்துக்கு முன் மறைப்பதும், மணத்துக்குப் பின் மனுப் போடுவதும் வழக்கமாகிவிட்டன. மறைத்ததுதான் குற்றமென்று பிள்ளை வீட்டார் சொல்லுகிறார்கள். சொன்னால் யார் ஏற்றுக்கொள்ளுவார் என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். இரு தரப்பாருடைய வாதத்திலும் உண்மை இருக்கிறது. நடுவே நிற்கும் பெண்ணுக்கு மட்டும் ஒரு தரப்புமில்லை. சட்டமும் அறிவு வளர வளர மாற வேண்டியதே என்பதற்கு இதே சட்டத்தில் அத்தாட்சி உண்டு. 1976-ம் வருஷத்துத் திருத்தத்தினால் காக்காய்வலிப்பும் விவாகத்துக்குத் தடையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 1999-ம் வருஷத்தில்தான் அச்சொல்லை நீக்கினார்கள். இடையில் எத்தனை குடும்பங்கள் அச்சொல்லால் பிரிந்தனவோ!

இது நிற்க. பரம்பரைக் கொள்கையைச் சர்க்கார் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அந்நிய தேசங்களைத் தேடிப் போக வேண்டுவதில்லை. வெள்ளைக்காரச் சர்க்கார் 1871-ம் வருஷத்தில் இயற்றி, 1911-ம் வருஷத்தில் சென்னை ராஜதானிக்கும் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டம் வேறென்ன சொல்லிற்று? தச்சன் மகன் தச்சனாவதுபோல் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதன் அஸ்திவாரம். கைக்குழந்தை பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறந்தது. ரேகை பதிய மறுத்ததற்காக, 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டார்கள். மாண்டவர்களில் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். 1947-ம் வருஷத்தில் அச்சட்டத்தைச் சென்னை ராஜதானியில் ஒழித்தோம். எந்த மரபணு ஆராய்ச்சியின் முடிவைக் கண்டு ஒழித்தோம்? ஒன்றையும் கண்டல்ல. பிறப்பினால் மனிதனைக் கறைப்படுத்துவது அநீதி என்பதற்காக ஒழித்தோம். மனநோயாளியின் தங்கையைப் பார்த்து, "அந்த ரத்தம்" என்று நாம் சொல்லும்போது, வெள்ளைக்காரன் போன பின்னும் அவன் சட்டத்தை நம் வீட்டுக்குள் நாமே அமுல் நடத்துகிறோம்.

அந்நிய தேசத்து உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியில் ஹிட்லர் சர்க்கார் 1933-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, மனச்சிதைவு முதலிய நோய்கள் பரம்பரையாக வருவன என்று சொல்லிச் சுமார் 4,00,000 பேருக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்தது. பின்பு 1939 முதல் 1941 வரை ஆஸ்பத்திரிகளிலிருந்த 70,000-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. இதற்கு உடந்தையாயிருந்தவர்கள் படிப்பில்லாத முரடர்களல்லர். பட்டம் பெற்ற வைத்தியர்கள். இவ்வளவும் செய்து முடித்த பின், அந்த நோய் ஜெர்மனியை விட்டுப் போயிற்றா? யுத்தத்துக்குப் பின் அங்கே புதிதாக நோய் கண்டவர்களின் தொகை குறையவில்லையென்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். கொடுமை வேறு, அக்கொடுமைக்குச் சொன்ன காரணமும் பொய்.

இனி ஆண் பெண் விஷயத்துக்கு வருவோம். புதுக்கோட்டை ஜில்லாவில், செங்கற் சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ம் வருஷம் டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன் பிறகு பாலினச் சோதனை என்று ஒன்று செய்தார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். சோதனை ஒரு புறம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் தேகத்தைப் பற்றிய அந்தரங்கமான விஷயத்தை உலகமெங்கும் பத்திரிகைகளில் போட்டார்களே, அதற்கு எந்த விஞ்ஞானம் அநுமதி கொடுத்தது? பத்திரிகை நடத்தும் நாமும் அந்தப் பழியில் பங்காளிகளே. அவமானம் தாங்காமல் உயிரை விடவும் துணிந்த அப்பெண்மணி, பிறகு மனம் தேறிப் பயிற்சியாளராகி, ஏழைக் குழந்தைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அவரைச் சோதித்தவர்களைவிட அவர் உயர்ந்து நின்றார்.

இப்பொழுது உலகத் தடகளச் சங்கம், 2025-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி முதல், பெண்கள் பந்தயங்களில் ஓட விரும்புகிறவர்கள் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுச் சோதனைக்கு ஒரு முறை உட்பட வேண்டுமென்று விதித்திருக்கிறது. பெண்கள் பந்தயத்தில் நியாயம் வேண்டும் என்பவர்களின் கவலையில் பொருளில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இச்சோதனை புதியதன்று. 1996-ம் வருஷத்தில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு அந்த மரபணு இருப்பது தெரிந்தது. எட்டுப் பேரையும் விசாரித்துப் பந்தயத்தில் ஓட அநுமதித்தார்கள். ஏனெனில் அவர்களில் பெரும்பாலோருடைய தேகம் ஆண்மை ஹார்மோனை முழுவதுமாகவோ பகுதியாகவோ ஏற்றுக்கொள்ளாத தேகம். அதன் பின் ஒலிம்பிக் சங்கம் அச்சோதனையையே கைவிட்டது. 1990-ம் வருஷத்தில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதைக் கொண்டு ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ தீர்மானிப்பது பொருந்தாது என்று 2025-ம் வருஷத்தில் பகிரங்கமாக ஆட்சேபித்திருக்கிறார். மரபணுவைக் கண்டுபிடித்தவர் தயங்குகிறார். சோதனை செய்கிறவர்கள் தயங்கவில்லை. அறிவு உள்ள இடத்தில் அடக்கமும், அதிகாரம் உள்ள இடத்தில் அவசரமும் இருப்பது புதிதல்லவே.

காதல் விஷயத்திலும் இதே கதைதான். 2019-ம் வருஷத்தில் சுமார் 4,77,000 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரு பாலாரின் காதலுக்கென்று தனி மரபணு எதுவும் கிடையாது. பல்லாயிரம் சிறு அம்சங்கள் கொஞ்சம் கொஞ்சம் சேருகின்றன. ஒருவருடைய மரபணுவைப் பார்த்து அவருடைய காதல் எப்பக்கம் செல்லும் என்று சொல்ல இயலாது என்பதே அம்முடிவு. இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும், "உங்கள் மரபணுவை அனுப்புங்கள், கணித்துச் சொல்லுகிறோம்" என்று அதே வருஷத்தில் ஒரு வியாபாரி கடை விரித்துவிட்டான். ஆராய்ச்சியாளர்கள் கண்டித்தபின் அது நின்றது.

இங்கே நண்பர்களுக்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறோம். "இவர்கள் பிறவியிலேயே இப்படி; இவர்களால் மாற முடியாது; ஆகையால் மன்னியுங்கள்" என்று சிலர் நல்லெண்ணத்துடன் வாதிக்கிறார்கள். நியாயஸ்தலத்தில் நிற்காத வாதம் இது. நாளைக்கு மற்றோர் ஆராய்ச்சி பிறவிக் காரணம் இல்லையென்று சொன்னால், உரிமையும் இல்லையென்று ஆகிவிடுமா? மரபணுவில் காரணம் அகப்பட்டுவிட்டால், கருவிலேயே சோதித்துக் களைந்துவிடலாமென்று ஒருவன் கிளம்பமாட்டானா? பெண் சிசு என்று தெரிந்தவுடன் கருவை அழித்த கொடுமை நம் தேசத்தில் நடந்ததால்தானே 1994-ம் வருஷத்தில் அதற்கென்று ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது! மதத்தைப் பிறவியில் வந்ததென்றா காக்கிறோம்? மனிதன் தன் மனச்சாட்சிப்படி வாழ உரிமையுள்ளவன் என்பதால் காக்கிறோம். காதலுக்கும் அதுவே நியாயம்.

நமது நியாயஸ்தலங்கள் இதை ஜனங்களுக்கு முன்பே உணர்ந்துவிட்டன என்பது நமக்குப் பெருமை. ஒருவருடைய பாலினத்தைத் தேகச் சோதனையால் அல்ல, அவருடைய உணர்வைக் கொண்டே அறிய வேண்டுமென்று 2014-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கூறிற்று. 2018-ம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி ஒரு பாலாரின் காதல் குற்றமல்லவென்று தீர்ப்பளித்தது. நம் மதுரையில் இருக்கும் ஹைகோர்ட் கிளை 2019-ம் வருஷத்தில், ஆண் பெண் என்று திட்டமாகச் சொல்ல முடியாத தேகத்துடன் பிறக்கும் சிசுக்களுக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, கத்தி வைத்து ஒரு பாலாக்கும் சிகிச்சையைத் தடுக்கும்படி உத்தரவிட்டது. தமிழ்நாடு சர்க்காரும் அதே வருஷத்தில் அவ்வாறே ஆணை பிறப்பித்தது.

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது 2021-ம் வருஷத்தில் சென்னை ஹைகோர்ட்டில் நடந்தது. ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் மதுரையிலிருந்து ஓடிவந்து பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவு இல்லையென்று வெளிப்படையாகச் சொல்லி, மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகே, ஜூன் 7-ந் தேதி, இத்தகையவர்களைச் 'சரிப்படுத்துகிறோம்' என்று செய்யும் பொய் வைத்தியத்தைத் தடை செய்தார். அவருடைய அபிப்பிராயத்தை மாற்றியது மரபணுச் சோதனையல்ல. தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்ட நேர்மைதான். நீதிபதிக்கு அது குறைவில்லையானால், நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் அருமைக்காரர்களுக்கும் அது எப்படிக் குறைவாகும்?

அப்படியானால் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். வேண்டும், நமக்கு மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும். இதுவரை நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாரைப் பற்றியவை. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கும் நம் ஜனங்களுக்கென்று தனியான நோய்க்கூறுகள் உண்டு. ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2017-ம் வருஷத்தில் இதை எடுத்துக் காட்டினார்கள். வைசிய வகுப்பாரில் சிலருக்கு ஆபரேஷனின்போது கொடுக்கும் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் தசைகள் வெகுநேரம் செயலற்றுப் போவதற்கு மரபணுவே காரணம் என்று தெரிந்திருப்பதால், வைத்தியர்கள் முன்னெச்சரிக்கையாக இருக்க முடிகிறது. மனநோய் மருந்துகளிலும் யாருக்கு எது பலிக்கும், யாருக்கு எது தீங்கு செய்யும் என்று அவ்வாறே அறியும் நாள் வரலாம். இந்தியாவின் பல வகுப்பாரிலிருந்து 10,000 பேருடைய மரபணுத் தொகுதிகளைப் படித்த நமது தேசிய முயற்சி 2025-ம் வருஷம் ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இது நம் வீட்டுச் செல்வம். பயந்து கதவை அடைப்பவன் அதன் பயனை இழப்பான். காவலின்றித் திறந்து போடுபவன் செல்வத்தையே இழப்பான்.

ஆகையால் நாம் கேட்பது இவை. ரத்தமோ உமிழ்நீரோ எடுக்கிறவர்கள், எதற்காக எடுக்கிறோமென்பதை, கையெழுத்துப் போடுகிறவனுக்கு விளங்கும் தமிழில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு வேண்டாமென்றால் விலகிக்கொள்ளவும் அவனுக்கு உரிமை வேண்டும். மரபணுவைக் காட்டி உத்தியோகமோ இன்ஷ்யூரன்ஸோ மறுப்பதைக் குற்றமாக்கத் தனிச் சட்டம் ஒன்று பார்லிமெண்டில் வர வேண்டும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மனநோய்ச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும், சமூக ஒழுக்க வழக்கங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி எனக் கூடாதென்றும் சொல்லுகிறது. அது ஏட்டில் இருந்தால் போதாது. தாலூகா ஆஸ்பத்திரி வரைக்கும் வர வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சொன்னோம். கொங்குநாட்டு வாலிபர்கள் செய்ய வேண்டியதற்குச் சட்டம் தேவையில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்கட்டும்: "யாருக்காவது உடம்புக்கோ மனசுக்கோ சரியில்லாமல் இருந்ததா? நல்ல வைத்தியம் பார்த்தீர்களா? நாங்கள் என்ன செய்யலாம்?" அவ்வாறு கேட்கும் முதல் வீட்டில் ஒரு பின்கட்டுக் கதவு திறக்கும். வீட்டில் துன்பப்படுபவர் இருந்தால் வெட்கப்படாமல் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லட்டும். 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டுத் தமிழிலேயே ஆலோசனை கேட்கட்டும்.

விஞ்ஞானம் நமக்குப் பாவு எப்படி நூற்கப்பட்டது என்பதைக் காட்டலாம். ஊடையை ஓட்டுவது நம் கை. பிறந்த குடியைக் கொண்டு மனிதனை அளந்த சட்டத்தை எதிர்த்து நம் முன்னோர் குண்டடி பட்டார்கள். அதே அளவுகோலை இன்று நாம் நம் பிள்ளைகள்மேல் வைப்போமானால், அவர்கள் பட்ட குண்டு வீண்.